நாற்பது வெள்ளிக்குள் ஒரு சில்லு

உங்கள் வீட்டில் எத்தனை கணினிகள் இருக்கின்றன என்று யாராவது கேட்டால், மடிக்கணினி ஒன்று, கைப்பேசி நான்கு என்று எண்ணத் தொடங்குவீர்கள். சோறு ஆக்கும் ரைஸ் குக்கரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சலவை இயந்திரம், குளிரூட்டியின் ரிமோட், நாம் தினமும் அழுத்தும் மின்தூக்கிப் பொத்தான் பலகை எதையும் சேர்ப்பதில்லை. ஆனால் இவற்றுக்குள்ளும் விரல் நகத்தைவிடச் சிறிய கணினி ஒன்று உட்கார்ந்துகொண்டு, யாரோ எப்போதோ எழுதிவைத்த ஒரே ஒரு நிரலை ஆயுள் முழுக்க ஓட்டிக்கொண்டிருக்கிறது. மைக்ரோகன்ட்ரோலர் என்று பெயர். நல்ல தமிழில் நுண்கட்டுப்படுத்தி. நேரலையில் அந்தச் சொல்லை வேகமாக மூன்று முறை சொல்லச் சொன்னால் எனக்கே நாக்கு புரளும். அதனால் இந்தக் கட்டுரை முழுக்கச் சில்லு என்றே சொல்லிக்கொள்கிறேன்.

நான் படித்தது ஊடகத்துறை. ஓம் விதியோடு எனக்கிருந்த உறவு உயர்நிலைப் பள்ளியோடு முடிந்தது. ஒலிபரப்புக் கூடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் பேசுவேன், அணைந்தால் தண்ணீர் குடிப்பேன். அந்த விளக்கை எது எரிய வைக்கிறது என்று யோசிக்க வைத்தவன் என் அக்கா மகன்.

அவன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். அத்தானுக்குப் போன ஆண்டு ஆள்குறைப்பில் வேலை போனது. இப்போது வாடகைக் கார் ஓட்டுகிறார். வீடு பெரும்பாலும் அக்காவின் சம்பளத்தில்தான் ஓடுகிறது. பள்ளி விடுமுறையில் நடக்கும் ரோபோ வகுப்பு ஒன்றின் துண்டுப் பிரசுரம் அவனுடைய கணக்குப் புத்தகத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்ததை அக்கா பார்த்திருக்கிறார். கட்டணம் சில நூறு வெள்ளி. அந்த எண்ணைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம். அவ்வளவுதான். பையன் வீட்டில் வாயே திறக்கவில்லை.

“கேட்டிருந்தா எப்படியாவது கட்டியிருப்பேன். கேக்கவே இல்லையே, அதுதான் கஷ்டமா இருக்கு,” என்றார் அக்கா, இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில்.

நான் பணம் தருகிறேன் என்றால் அவன் வாங்க மாட்டான். அது எனக்குத் தெரியும். அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனிடம் வேறு விதமாகக் கேட்டேன்: உன்னிடம் எவ்வளவு இருக்கிறது? தீபாவளிக்குப் பெரியவர்கள் கொடுத்த உறைகளில் செலவு போக மீதம் 40 வெள்ளி இருந்தது. சரி, அந்த நாற்பதுக்குள் எதுவரை போக முடியும் என்று பார்த்துவிடலாம் என்று இருவரும் முடிவு செய்தோம்.

காசில்லாதவர்களுக்காகப் பிறந்த பலகை

தேடத் தொடங்கியதும் எனக்கு முதலில் பிடித்துப்போனது ஒரு கதை. இத்தாலியின் வடக்கே இவ்ரியா என்று ஒரு சிறிய ஊர். அங்கே இருந்த வடிவமைப்புக் கல்லூரியின் மாணவர்கள் பொறியாளர்கள் அல்லர். என்னைப் போல, விளக்கும் ஒலியும் கொண்டு எதையாவது செய்து பார்க்க ஆசைப்பட்டவர்கள். அந்தக் காலத்தில் அதற்குக் கிடைத்த பலகைகள் மாணவர்கள் வாங்க முடியாத விலையில் இருந்தன. 2003-ல் எர்னாண்டோ பர்ராகான் என்ற கொலம்பிய மாணவர் தன் முதுகலை ஆய்வுக்காக ‘வயரிங்’ என்ற எளிய நிரல் மேடையை உருவாக்கினார். அதன் வழியில், இன்னும் மலிவான ஒரு பலகையை 2005-ல் மாசிமோ பான்ஸியும் அவருடைய குழுவினரும் கொண்டு வந்தார்கள். அவர்கள் கூடும் மதுக்கடையின் பெயர் ஆர்டுயினோ. அந்த ஊரை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆண்ட ஒரு மன்னனின் பெயரை அந்தக் கடை வைத்திருந்தது. பலகைக்கும் அதே பெயர் விழுந்தது.

அவர்கள் செய்த பெரிய காரியம், பலகையின் வரைபடத்தை எல்லாருக்கும் திறந்து விட்டதுதான். யார் வேண்டுமானாலும் அதே போலச் செய்து விற்கலாம். ஆர்டுயினோ என்ற வணிகப் பெயரை மட்டும் ஒட்டக்கூடாது. இன்று சில வெள்ளிக்குக் கிடைக்கும் நகல் பலகைகள் களவுச் சரக்கு அல்ல என்பதைப் பெற்றோர்கள் தெரிந்துகொள்வது நல்லது. இதைக் கேட்டதும் அக்காவுக்குத்தான் பெரிய நிம்மதி.

இங்கே பள்ளிகளிலும் இதன் தொடக்கம் இருக்கிறது. தொடக்கநிலை உயர்வகுப்பு மாணவர்களுக்கு ‘கோட் ஃபார் ஃபன்’ என்ற பயிற்சி 2020 முதல் கட்டாயமாக நடக்கிறது. பிபிசி முன்னின்று 2016-ல் பிரிட்டனின் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த மைக்ரோபிட் பலகையும் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமானதே. அக்கா மகனும் அதைத் தொட்டிருக்கிறான். ஆனால் பலகை பள்ளியில் இருந்தது. மணி அடித்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அரைகுறையாய் நிற்கும் ஒன்றை ராத்திரி படுக்கையில் நினைத்துப் பார்த்து, எழுந்துபோய்த் திருத்திப் பார்க்கும் வாய்ப்பு அவனுக்குக் கிடைத்ததில்லை.

முதல் இரண்டு வாரம் ஒரு காசும் செலவழிக்கவில்லை. வோக்வி என்று ஓர் இணையதளம் இருக்கிறது. பலகை, விளக்கு, பொத்தான், கம்பி எல்லாம் திரையில் படமாக வரும். இழுத்து இணைத்து, நிரல் எழுதி, ஓட்டிப் பார்க்கலாம். டிங்கர்கேட் என்பதிலும் இது முடியும். இரண்டையும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அத்தானின் பழைய மடிக்கணினி, விசிறி பெருமூச்சு விட்டாலும், இதற்குத் தாங்கியது. ஒரு விளக்கை எரிய விட்டு அணைப்பதுதான் எல்லாரும் செய்யும் முதல் பாடம். அவன் அதை முடித்து, போக்குவரத்து விளக்கு செய்து, பாதசாரிப் பொத்தானும் சேர்த்து, பச்சை மனிதனுக்கு எத்தனை விநாடி கொடுப்பது என்று அத்தானோடு வாதம் செய்யும் நிலைக்கு வந்த பிறகுதான் கடைக்குக் கிளம்பினோம். இரண்டே நாளில் ஆர்வம் வடிந்திருந்தால், அந்த 40 வெள்ளி அப்படியே உறையில் இருந்திருக்கும்.

சிம் லிம் டவரில் ஒரு சனிக்கிழமை

தேக்காவில் காய்கறி வாங்கப் போகிறவர்களுக்கு ஜாலான் புசார் நடக்கிற தூரம்தான். அங்கே இருக்கும் சிம் லிம் டவரைப் பலர் கணினி விற்கும் சிம் லிம் ஸ்குவேரோடு குழப்பிக்கொள்வார்கள். இரண்டும் வேறு. டவரின் கீழ்த்தளங்களில் இருப்பவை உதிரிபாகக் கடைகள். சுவர் முழுக்கச் சிறு சிறு இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பொருள். ஒரே ஒரு மின்தடை வேண்டும் என்றாலும் எடுத்துத் தருவார்கள். இணையத்தில் இன்னும் மலிவாகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் முதன்முறை வாங்குகிறவருக்கு, கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு “என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்கும் ஒரு கடைக்கார அங்கிள் கிடைப்பது, அந்த ஓரிரு வெள்ளி வித்தியாசத்தைவிடப் பெரிது.

எந்தப் பலகை என்பதுதான் முதல் கேள்வி. மூன்று வகை எங்கள் முன்னால் இருந்தது.

ஆர்டுயினோ ஊனோ வகை: பாடங்களும் உதாரணங்களும் இதற்குத்தான் அதிகம். நினைவகம் வெறும் 2 கிலோபைட். சிறிய வேலைகளுக்கு அது தாராளம்.

ராஸ்பெரி பை பிக்கோ: 2021-ல் 4 அமெரிக்க டாலர் விலையில் வந்து சந்தையைக் கலக்கியது. 264 கிலோபைட் நினைவகம். நிலவுக்கு மனிதனைக் கொண்டுபோன அப்போலோ விண்கலத்தின் கணினியில் இருந்தது சுமார் 4 கிலோபைட். அதைப்போல அறுபது மடங்குக்கு மேல், ஒரு சாப்பாட்டு விலைக்கு!

மூன்றாவது, வைஃபை கொண்ட இஎஸ்பி பலகைகள். இதைப் பற்றி ஒரு சேதி சொல்லியாக வேண்டும். 2014-ல் இஎஸ்பி8266 என்ற சில்லு சில வெள்ளி விலையில் வந்தபோது உலகம் முழுவதும் இருந்த பொழுதுபோக்குக்காரர்கள் நம்ப மறுத்தார்கள். அதுவரை ஒரு பலகைக்கு வைஃபை சேர்ப்பதென்றால் பலகையைவிட அதிகம் செலவாகும். அந்தச் சில்லையும், பிறகு வந்த இஎஸ்பி32-ஐயும் உருவாக்கிய ஷாங்ஹாய் நிறுவனம் எஸ்பிரெசிஃப். அதைத் தொடங்கியவர் தியோ சுவீ ஆன், சிங்கப்பூர்க்காரர். நம் தேசியப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தவர். உலகமெங்கும் விளக்குகளுக்கும் சாதனங்களுக்கும் உள்ளே போயிருக்கும் ஒரு சில்லின் கதை இங்கிருந்து கிளம்பியது என்று சொன்னதும், அக்கா மகன் அந்தச் சிறிய பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

கடைசியில் அவன் எடுத்தது பிக்கோ. காரணம், அதில் மைக்ரோபைத்தான் மொழியில் எழுதலாம். எழுதியதை உடனே ஓட்டிப் பார்க்கலாம். தோனி என்ற இலவசச் செயலி போதும். எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கென்றே உருவானது அது. இன்னொரு காரணம் என்னைப் போன்ற சித்திகளுக்கானது: எவ்வளவு தவறான நிரலை ஏற்றினாலும் பிக்கோ செத்துப்போகாது. அதன் ஆரம்பக் கட்டளைகள் அழிக்க முடியாத இடத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பலகையில் இருக்கும் சிறு பொத்தானைப் பிடித்துக்கொண்டே கணினியில் செருகினால், மீண்டும் புதிதாகத் தொடங்கலாம்.

அங்கிள் சொன்ன இரண்டு விஷயங்களை அப்படியே தருகிறேன். கால்கள் பற்றவைக்கப்பட்டு வரும் பலகையை வாங்குங்கள். இரண்டொரு வெள்ளி கூடுதலாக இருக்கும், ஆனால் பற்றவைக்கும் கருவியை வாங்கும் செலவு மிச்சம். அடுத்தது, வீட்டில் இருக்கும் யுஎஸ்பி கம்பிகளைப் பார்த்து எடுங்கள். சில கம்பிகள் மின்சாரம் மட்டும்தான் கடத்தும், தகவலைக் கடத்தாது. பலகை கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கம்பியால் வருகிறவர்கள்தானாம்.

அன்றைய பில் இது. கால்கள் கொண்ட பிக்கோ 9 வெள்ளி. பிரெட்போர்டு, அதாவது பற்றவைக்காமல் கம்பிகளைச் செருகும் துளைப்பலகை, 4 வெள்ளி. இணைப்புக் கம்பிகள் 3 வெள்ளி 50 காசு. எல்இடி பத்து, 1 வெள்ளி. 330 ஓம் மின்தடை பத்து, 50 காசு. பொத்தான் நான்கு, 1 வெள்ளி 20 காசு. ஆக 19 வெள்ளி 20 காசு. பக்கத்தில் முப்பத்தேழு உணரிகள் அடங்கிய அழகான பெட்டி ஒன்று கண்ணைப் பறித்தது. அதை அவன் பார்த்ததை நானும் பார்த்தேன். என் கருத்தைக் கேட்டால், அந்தப் பெட்டிகளைத் தொடாதீர்கள். அதில் முப்பது பொருள் அலமாரியில்தான் வாழும்.

பேய் பிடித்த பொத்தான்

இங்கிருந்துதான் உண்மையான படிப்பு தொடங்கியது.

எல்இடியோடு மின்தடை எதற்கு? பாடப்புத்தகத்தில் படித்த ஓம் விதிக்கு அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் தெரிந்தது. பிக்கோவின் கால் தருவது 3.3 வோல்ட். சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 1.3 வோல்ட்டை 330 ஓம் தடையால் வகுத்தால் சுமார் 4 மில்லியாம்பியர் வருகிறது. விளக்குக்கும் நல்லது, சில்லுக்கும் நல்லது. தடை இல்லாமல் இணைத்தால் அளவுக்கு மீறிப் பாய்ந்து எது முதலில் போகும் என்று சொல்ல முடியாது. அக்கா மகன் இந்தக் கணக்கைச் சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய மின்கட்டணக் கடித உறையின் பின்புறம் போட்டுக் காட்டினான். பள்ளியில் அதே கணக்குக்கு அவன் வாங்கும் மதிப்பெண்ணைப் பற்றி அக்கா ஏதோ சொல்ல வந்து, நிறுத்திக்கொண்டார்.

பிறகு பொத்தான். ஒரு காலில் இருந்து பொத்தானுக்கு ஒரு கம்பி, அங்கிருந்து தரைமுனைக்கு ஒரு கம்பி. அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும். ஆனால் அழுத்தாமலே எரிந்தது. கையைக் கிட்டே கொண்டுபோனால் மினுங்கியது, எடுத்தால் அணைந்தது, சில நேரம் சும்மா இருந்தது. “பேய் பிடிச்சிருக்கு சித்தி,” என்றான். அரை மணி நேரம் இருவரும் அந்தப் பேயோடு போராடினோம்.

விஷயம் எளிது. பொத்தானை அழுத்தாதபோது அந்தக் கால் எதனோடும் இணைக்கப்படாமல் அந்தரத்தில் தொங்குகிறது. பக்கத்துக் கம்பியின் இரைச்சலும் நம் உடம்பின் சிறு மின்னூட்டமும் போதும், அது ஒன்றா சுழியா என்று தடுமாறும். சில்லுக்குள்ளேயே இருக்கும் ஒரு மின்தடையை இயக்கி, ‘யாரும் அழுத்தாதபோது நீ ஒன்று’ என்று அந்தக் காலுக்குச் சொல்லிவிட வேண்டும். புல்-அப் என்பார்கள். நிரலில் ஒரே ஒரு சொல் சேர்த்தோம். பேய் போய்விட்டது.

உடனே அடுத்தது வந்தது. எத்தனை முறை அழுத்தினோம் என்று எண்ணச் சொன்னால், ஒரு முறை அழுத்தியதை நான்கு என்றது. பொத்தானுக்குள் இருக்கும் உலோகத் தகடுகள் மோதும்போது, தரையில் விழுந்த பந்துபோல் சில மில்லிவிநாடிகள் துள்ளுமாம். நமக்கு அது ஒரே அழுத்தம். விநாடிக்குப் பல்லாயிரம் முறை பார்க்கக்கூடிய சில்லுக்கு அது நான்கு. முதல் தொடுகைக்குப் பிறகு 20 மில்லிவிநாடி பொறுத்து மறுபடி பார் என்று எழுதியதும் சரியானது. இதை அவன் தானாகவே கண்டுபிடித்தான். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் நேரத்தைத் திரையில் அச்சிட வைத்து, எண்களைப் படித்து, “ஒண்ணுக்கு ஒண்ணு ரொம்பக் கிட்டக் கிட்ட இருக்கு” என்று சொன்னான். எந்த வகுப்பில் சேர்த்திருந்தாலும் இந்த இடத்தில் யாராவது விடையைச் சொல்லியிருப்பார்கள். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் விடை தெரிந்தவர் வீட்டில் யாரும் இல்லை. அதுவும் நல்லதாகவே போயிற்று.

பாட்டிக்கு ஒரு விளக்கு

என் அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. அக்கா வீட்டில்தான் இருக்கிறார். என் நிகழ்ச்சியைக் காதருகே வானொலியை வைத்துக்கொண்டு கேட்பார். ஆனால் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது அழைப்புமணி அடித்தால் கேட்காது. அக்கா ஒரு முறை சாவியை மறந்துவிட்டு நாற்பது நிமிடம் தாழ்வாரத்தில் நின்றிருக்கிறார். உள்ளே அம்மா இருக்கிறாரா, விழுந்துவிட்டாரா என்று தெரியாமல் நின்ற அந்த நாற்பது நிமிடம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மணி அடித்தால் மின்னும் விளக்கு செய்யலாமா என்று கேட்டது அவன்தான்.

அழைப்புமணியின் மின்கம்பியில் கை வைப்பதில்லை என்பது முதல் விதி. வீட்டுச் சுவருக்குள் ஓடுவது 230 வோல்ட். அது உரிமம் பெற்ற மின்பணியாளரின் வேலை, பிள்ளைகளுடையதும் அல்ல, சித்திகளுடையதும் அல்ல. அதனால் மணிப்பெட்டிக்குக் கீழே ஒலியுணரி ஒன்றை வைத்தோம். சிறிய ஒலிவாங்கியும், எவ்வளவு சத்தத்துக்கு மேல் பதில் சொல்ல வேண்டும் என்று திருகி வைக்கும் ஒரு திருகும் கொண்டது. 4 வெள்ளி 50 காசு. எட்டு வண்ண விளக்குகள் கொண்ட ஒரு சிறிய பட்டை 5 வெள்ளி. உணரிக்கு 5 வோல்ட் கொடுத்தால் அதன் பதிலும் 5 வோல்ட்டாக வந்து பிக்கோவின் காலைக் காயப்படுத்தக்கூடும். 3.3-ல் இணைத்தால் தொல்லை இல்லை. பழைய கைப்பேசிச் சார்ஜரே மின்சாரம் தந்தது.

மூன்று வார இறுதிகள் போயின. திருகைக் கொஞ்சம் கூட்டினால் தொலைக்காட்சித் தொடரில் யாராவது அழும்போதெல்லாம் விளக்கு மின்னியது. குறைத்தால் மணிக்கே அசையவில்லை. சத்தம் அரை விநாடிக்குள் பல முறை பதிவானால் மட்டுமே மின்னு என்று அவன் நிபந்தனை எழுதினான். அழுகை அடங்கியது. ஆனால் சமையலறையில் குக்கர் விசில் அடித்தால் மட்டும் பட்டை முழுக்கச் சிவப்பாக மின்னியது. அதையும் சரிசெய்கிறேன் என்று அவன் மடிக்கணினியைத் திறந்தான்.

“இருக்கட்டும்டா,” என்றார் பாட்டி. “எத்தனை விசில் வந்துச்சுன்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது. பருப்பு அடிபிடிக்குது.”

நிரலில் அந்த வரியை அவன் திருத்தவில்லை. பிறகு யோசித்து, விசிலுக்கு மஞ்சள், மணிக்குச் சிவப்பு என்று பிரிக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். விசில் நீண்ட நேரம் ஒலிக்கும், மணி விட்டுவிட்டு ஒலிக்கும் என்பது அவன் கணக்கு. இன்னும் சரியாக வரவில்லை.

இதுவரை செலவு 28 வெள்ளி 70 காசு. கையில் 11 வெள்ளி 30 காசு இருக்கிறது. அடுத்து வேண்டியது ஒரு மல்டிமீட்டர். எந்தக் கம்பி அறுந்திருக்கிறது, எங்கே எத்தனை வோல்ட் வருகிறது என்று பார்க்க அது இல்லாமல் முடியாது என்கிறான், எனக்கும் அப்படித்தான் படுகிறது. அங்கிள் கடையில் இருப்பதிலேயே மலிவானது 12 வெள்ளி. மீதி 70 காசை எடுக்க நான் பையைத் திறந்தேன்.

“வேணாம் சித்தி, அடுத்த மாசம் வாங்கிக்கலாம்,” என்றான்.